ஃபார் லூப்புக்குள் ஓர் உறுப்பை நீக்கினால் ஒரு நேரம் பிழை வருகிறது, இன்னொரு நேரம் வருவதில்லை: ஏன்?

கேள்வி இதுதான். ஓர் அரேலிஸ்ட்டில் (உறுப்புகளை வரிசையாக வைத்துக்கொள்ளும் ஜாவாவின் பட்டியல்) அ, ஆ, இ, ஈ, உ என்று ஐந்து எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. ஜாவாவின் மேம்பட்ட ஃபார் லூப்பைக் கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும்போது, லூப்புக்கு உள்ளேயே ‘ஆ’ என்பதை நீக்கினால் நிரல் எக்ஸப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) காட்டி நின்றுவிடுகிறது. ஆனால் ‘ஈ’ என்பதை நீக்கினால் எந்தப் பிழையும் இல்லாமல் ஓடி முடிகிறது. ஒரே வரி, ஒரே லிஸ்ட், நீக்கும் எழுத்து மட்டும்தான் வேறு. அப்படியிருக்க இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அத்துடன், ‘மேம்பட்ட’ என்று சொல்வதால் இது இட எண்ணைக் கொண்டு சுற்றும் பழைய இண்டெக்ஸ் லூப்பைவிட வேகமானதா என்றும், ஜாவா 8-இல் வந்த ஃபார்ஈச் மெத்தடுக்கு எல்லா லூப்புகளையும் மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த லூப்பின் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் நின்று, உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டரைப் பார்த்துவிட்டால் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். கம்பைலர் உங்களுக்காக எழுதித் தரும் அந்தச் சில வரிகளை ஒருமுறை மனத்தில் விரித்துப் பார்க்கப் பழகியவருக்கு இந்த லூப் எதிர்பாராத எதையும் செய்யாது. எனவே முதலில் அதையே விளக்குகிறேன்.

ஜாவாவின் முதல் பதிப்பில் வெக்டர், ஹாஷ்டேபிள் போன்றவற்றின் உறுப்புகளைப் பார்க்க எனுமரேஷன் என்ற இன்டர்ஃபேஸ் இருந்தது. 1998 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பில் கலெக்‌ஷன் கட்டமைப்பு சேர்ந்தபோது அதன் இடத்துக்கு இட்டரேட்டர் வந்தது. மெத்தடுகளின் பெயர்கள் ஹேஸ்நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று சுருங்கின. அதைவிட முக்கியமாக, ரிமூவ் என்ற மூன்றாவது மெத்தட் சேர்ந்தது. உங்கள் கேள்விக்கு அந்த மூன்றாவது மெத்தட்தான் மருந்து என்பதைப் பின்னால் பார்ப்போம். அதன்பின் ஆறு ஆண்டுகள், ஒரு லிஸ்ட்டைச் சுற்றிவர வேண்டுமானால் இட்டரேட்டர் ஒன்றை வாங்கி, அடுத்தது இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் எடுத்து, சரியான வகைக்கு மாற்றி, பிறகுதான் வேலையைத் தொடங்க முடிந்தது. 2004 செப்டம்பரில் வெளிவந்த ஜாவா 5, ஜெனரிக்ஸ், ஆட்டோபாக்ஸிங், ஈனம் (enum) ஆகியவற்றோடு மேம்பட்ட ஃபார் லூப்பையும் கொண்டுவந்தது.

அதன் வடிவம் எளிது. ஃபார் என்ற சொல், அடைப்புக்குறிக்குள் ஒரு மாறியின் வகையும் பெயரும், பிறகு ஒரு முக்காற்புள்ளி, பிறகு சுற்றிவர வேண்டிய கலெக்‌ஷன் அல்லது அரே. அந்த முக்காற்புள்ளியை ‘இதில் உள்ள’ என்று மனத்துக்குள் வாசித்துக்கொள்வது நல்ல பழக்கம்: ‘எழுத்துகளில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும்’. ஃபார்ஈச், இன் போன்ற புதிய சொற்களை மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்களாக ஆக்கியிருந்தால், அவற்றைப் பெயர்களாகப் பயன்படுத்தியிருந்த பழைய நிரல்கள் கம்பைல் ஆகாமல் போயிருக்கும். ‘சிஸ்டம் டாட் இன்’ என்று நாம் எழுதும் ‘இன்’ அப்படிப்பட்ட ஒரு பெயர்தான். எழுதப்பட்டுவிட்ட நிரல்களைக் காப்பாற்றுவதற்காக ஒரு நிறுத்தக்குறியைத் தேர்ந்தெடுத்தார்கள். அழகைவிட நம்பகத்தன்மையை உயர்த்திப் பிடித்த அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன்.

இப்போது கம்பைலர் செய்வதைப் பார்ப்போம். முக்காற்புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பது இட்டரபிள் இன்டர்ஃபேஸை நிறைவேற்றும் ஆப்ஜெக்ட் என்றால், கம்பைலர் அதனிடம் இட்டரேட்டர் மெத்தடை ஒருமுறை அழைத்து, கிடைத்த இட்டரேட்டரைப் பெயரில்லாத ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஹேஸ்நெக்ஸ்ட் ஆம் என்று சொன்னால் நெக்ஸ்ட்டை அழைத்து, திரும்பி வந்ததை உங்கள் மாறியில் போட்டு, பிறகு நீங்கள் எழுதிய வரிகளை ஓடவிடுகிறது. இல்லை என்று சொன்னால் லூப் முடிந்தது. வலப்பக்கம் இருப்பது அரே என்றால் இட்டரேட்டரே கிடையாது. அரேயைத் தனக்குள் ஒரு மாறியில் பிடித்துவைத்துக்கொண்டு, பூஜ்ஜியத்திலிருந்து நீளம்வரை ஓடும் சாதாரண இண்டெக்ஸ் லூப் ஒன்றையே கம்பைலர் எழுதுகிறது. இரண்டிலும் அந்த மறைந்த மாறிகளை உங்களால் தொட முடியாது.

வலப்பக்கத்தில் எழுதியது ஒரே ஒரு முறைதான் கணக்கிடப்படும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. அங்கே தரவுத்தளத்திலிருந்து லிஸ்ட்டைக் கொண்டுவரும் மெத்தட் ஒன்றை நேரடியாக எழுதினாலும் அது ஒருமுறைதான் அழைக்கப்படும். பழைய பாணியில் நிபந்தனைப் பகுதியில் அதே மெத்தடை எழுதி அதன் சைஸோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் தரவுத்தளத்துக்கு ஒரு பயணம் போய்வருவீர்கள். இப்படி எழுதப்பட்ட நிரல்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். லூப்பின் வடிவத்தை மாற்றியதுமே அவை பல மடங்கு வேகமடைந்தன.

இனி உங்கள் ஐந்து எழுத்துகளுக்கு வருவோம். அரேலிஸ்ட்டின் இட்டரேட்டருக்குள் முக்கியமாக இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று கர்சர்: அடுத்து எடுக்க வேண்டிய உறுப்பின் இடம். மற்றொன்று எக்ஸ்பெக்டட்மாட்கவுண்ட்: இந்த லிஸ்ட்டின் அமைப்பு இதுவரை எத்தனை முறை மாறியிருக்க வேண்டும் என்று இட்டரேட்டர் பிறக்கும்போது குறித்துவைத்துக்கொண்ட எண்ணிக்கை. லிஸ்ட்டுக்குள் மாட்கவுண்ட் என்ற எண் தனியே இருக்கிறது. ஒவ்வொரு முறை உறுப்பு சேரும்போதும் நீங்கும்போதும் அது ஒன்று கூடும். ஆட் மெத்தடால் ஐந்து எழுத்துகளைச் சேர்த்த லிஸ்ட்டில் மாட்கவுண்ட் 5. லூப் தொடங்கும்போது இட்டரேட்டர் குறித்துவைத்துக்கொள்வதும் 5.

‘ஆ’ என்பதை நீக்கும்போது நடப்பது இது. ‘ஆ’ கைக்கு வந்ததும் கர்சர் 2-க்கு நகர்ந்திருக்கும். லிஸ்ட்டின் ரிமூவ் மெத்தடை நீங்கள் அழைத்ததும் சைஸ் 4 ஆகிறது, மாட்கவுண்ட் 6 ஆகிறது. அடுத்த சுற்றில் ஹேஸ்நெக்ஸ்ட் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கர்சரும் சைஸும் சமமில்லாமல் இருக்கின்றனவா? 2-உம் 4-உம் சமமில்லை, எனவே ஆம் என்கிறது. உடனே நெக்ஸ்ட் அழைக்கப்படுகிறது. அது முதல் வேலையாக 6-ஐயும் 5-ஐயும் ஒப்பிட்டு, தனக்குத் தெரியாமல் லிஸ்ட் மாறிவிட்டதைக் கண்டு, கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸப்ஷனை வீசுகிறது. பிழைச் செய்தியில் உங்கள் நிரலின் வரி எண்ணைக் கவனித்துப் பாருங்கள்: அது ரிமூவ் எழுதிய வரியைச் சுட்டாது, ஃபார் என்று தொடங்கும் வரியையே சுட்டும். காரணம், வீசியது அந்த வரியில் மறைந்திருக்கும் நெக்ஸ்ட். புதிதாகக் கற்பவர்கள் அந்த வரியையே உற்றுப் பார்த்து ‘இதில் என்ன தவறு?’ என்று மணிக்கணக்கில் தவிப்பது இதனால்தான்.

‘ஈ’ என்பதை நீக்கும்போது கணக்கு வேறு. ‘ஈ’ கைக்கு வந்ததும் கர்சர் 4. நீக்கியதும் சைஸும் 4. ஹேஸ்நெக்ஸ்ட் இரண்டையும் ஒப்பிட்டு, சமமாக இருப்பதால் இல்லை என்கிறது. லூப் முடிந்துவிடுகிறது. நெக்ஸ்ட் அழைக்கப்படவே இல்லை. மாட்கவுண்டைச் சரிபார்ப்பது நெக்ஸ்ட்டின் வேலை என்பதால் சரிபார்ப்பும் நடக்கவில்லை. லூப்புக்குள் ஒவ்வோர் எழுத்தையும் அச்சிட்டுப் பாருங்கள்: அ, ஆ, இ, ஈ என்று நான்குதான் வரும். ‘உ’ லிஸ்ட்டில் இருக்கிறது. ஆனால் லூப் அதைப் பார்க்கவே இல்லை. பிழை வராத இந்த இரண்டாவது நிலைதான் முதலாவதைவிட ஆபத்தானது. கடைசி உறுப்பான ‘உ’ என்பதை நீக்கினால் கர்சர் 5, சைஸ் 4. இரண்டும் சமமில்லை என்பதால் ஹேஸ்நெக்ஸ்ட் ஆம் என்று சொல்ல, எடுக்க ஏதும் மிச்சமில்லாதபோதும் நெக்ஸ்ட் அழைக்கப்பட்டு எக்ஸப்ஷன் வரும். ஆக, கடைசிக்கு முந்தைய உறுப்பு மட்டும்தான் சத்தமில்லாமல் நழுவுகிறது.

இரண்டே உறுப்புகள் உள்ள லிஸ்ட்டில் கடைசிக்கு முந்தையது எது? முதல் உறுப்பு. இது என்னை ஒருமுறை நன்றாகச் சோதித்தது. நான் பராமரித்துவந்த ஒரு நிரலில், ஒரு பயனரின் காலாவதியான உள்நுழைவு அமர்வுகளை லிஸ்ட்டிலிருந்து நீக்கும் லூப் இப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. முதல் அமர்வு காலாவதியானது, இரண்டாவது செல்லுபடியாவது என்ற தரவைக் கொண்டு சோதனை எழுதியிருந்தார்கள். சோதனை ஒவ்வொரு முறையும் வெற்றி பெற்றது. இரண்டு அமர்வுகளும் காலாவதியாகிவிட்ட பயனர்களுக்கு மட்டும் ஓர் அமர்வு எப்போதும் மிஞ்சியது. எக்ஸப்ஷன் எதுவும் பதிவாகாததால், லூப்பின் மேல் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. நேரத்தை ஒப்பிடும் வரிகளையே இரண்டு நாள் துருவிக்கொண்டிருந்தோம். இந்தச் சரிபார்ப்பை முயன்ற அளவுக்குச் செய்யப்படும் உதவியாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும், அதை நம்பி நிரல் எழுதக் கூடாது என்று ஜாவாவின் ஆவணமே சொல்வதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

சரி, நீக்கத்தான் வேண்டும் என்றால் எப்படி நீக்குவது? முதல் வழி, மறைந்திருக்கும் இட்டரேட்டரை வெளியே கொண்டுவருவது. இட்டரேட்டரை நீங்களே ஒரு மாறியில் வாங்கி, வைல் லூப்பில் ஹேஸ்நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று எழுதி, நீக்க வேண்டிய இடத்தில் லிஸ்ட்டின் ரிமூவை விட்டுவிட்டு இட்டரேட்டரின் ரிமூவை அழையுங்கள். அது உறுப்பை நீக்கிவிட்டுத் தன் கர்சரையும் ஓரிடம் பின்னுக்கு நகர்த்திக்கொள்ளும், தன் எண்ணிக்கையையும் புதுப்பித்துக்கொள்ளும். எந்த உறுப்பும் விடுபடாது. ஒரு நெக்ஸ்ட்டுக்கு ஒரு ரிமூவ் மட்டுமே அனுமதி என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இரண்டாவது வழி, ஜாவா 8-இல் 2014 மார்ச்சில் வந்த ரிமூவ்இஃப். எந்த உறுப்பை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் லாம்டாவாக, அதாவது பெயரில்லாத ஒரு சிறு மெத்தடாகக் கொடுத்தால் மற்றதைக் கலெக்‌ஷனே பார்த்துக்கொள்ளும். நிபந்தனையைப் பார்த்து நீக்குவது மட்டுமே வேலை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் இது ஒரு வரியில் முடிவதோடு அரேலிஸ்ட்டில் வேகமாகவும் இருக்கும். ஒரு லட்சம் உறுப்புகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக 50,000 உறுப்புகளை இட்டரேட்டரின் ரிமூவால் நீக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நீக்கத்தின்போதும் பின்னால் உள்ள அனைத்தும் ஓரிடம் முன்னால் நகர வேண்டும். சராசரியாக 50,000 உறுப்புகள் நகரும் என்று கொண்டால், மொத்தம் ஏறத்தாழ 250 கோடி நகர்வுகள். நினைவகத்தின் ஒரு பகுதியை மொத்தமாக நகலெடுப்பது கணினிக்கு விரைவான வேலைதான் என்றாலும், இந்த அளவில் அது உணரத்தக்க தாமதம் ஆகிவிடும். அரேலிஸ்ட்டின் ரிமூவ்இஃப், முதலில் நீக்க வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு எஞ்சியவற்றை ஒரே ஓட்டத்தில் நெருக்கி அடுக்கிவிடுகிறது.

மூன்றாவதாக, பழைய லிஸ்ட்டைத் தொடாமல், வேண்டியவற்றை மட்டும் புதிய லிஸ்ட்டில் சேர்ப்பது. அதே லிஸ்ட்டை வேறு பகுதிகளும் படித்துக்கொண்டிருக்கும் நிரல்களில் இதுவே மிகவும் நிம்மதியான வழி.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுத்துகளுக்குப் பதிலாக எண்களை வைத்து நீங்கள் இதைச் சோதித்துப் பார்க்கக்கூடும். இன்டிஜர் லிஸ்ட் ஒன்றைச் சுற்றிவரும்போது லூப் மாறியை இன்ட் என்று அறிவித்துவிட்டு, அதை லிஸ்ட்டின் ரிமூவுக்குக் கொடுத்தால், ‘40 என்ற மதிப்பை நீக்கு’ என்று ஜாவா புரிந்துகொள்ளாது. ‘40-ஆம் இண்டெக்ஸில் இருப்பதை நீக்கு’ என்றே புரிந்துகொள்ளும். ரிமூவ் என்ற ஒரே பெயரில் இரண்டு மெத்தடுகள் இருப்பதால் வரும் குழப்பம் இது.

நீக்குவதைப் போலவே அடிக்கடி தடுமாற வைப்பது மதிப்பை மாற்றுவது. லூப்பின் உள்ளே அந்த மாறிக்குப் புதிய மதிப்பைக் கொடுத்தால் கலெக்‌ஷனிலும் மாறிவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். மாறாது. நெக்ஸ்ட் தந்ததை, அரே என்றால் அந்த இடத்தில் இருந்ததை, கம்பைலர் உங்கள் மாறியில் நகலெடுத்துப் போட்டிருக்கிறது. மாறியை வேறொன்றைச் சுட்ட வைப்பதால் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த மாறி சுட்டுவது உள்ளே மாறக்கூடிய ஆப்ஜெக்ட் என்றால், அதன் புலங்களை மாற்றுவது உண்மையான மாற்றமாகவே நிற்கும், ஏனென்றால் லிஸ்ட்டும் அதே ஆப்ஜெக்ட்டைத்தான் சுட்டிக்கொண்டிருக்கிறது. லிஸ்ட்டின் உறுப்புகளையே வேறு உறுப்புகளால் மாற்ற வேண்டுமானால் ரீப்ளேஸ்ஆல் மெத்தட் இருக்கிறது. அல்லது இண்டெக்ஸ் லூப்பில் செட் மெத்தடைப் பயன்படுத்தலாம். அரேலிஸ்ட்டில் செட் அழைப்பது அமைப்பை மாற்றுவதாகக் கணக்கில் வராது, எனவே மாட்கவுண்ட் கூடாது.

இனி வேகம். அரேயைப் பொறுத்தவரை கம்பைலர் எழுதுவதும் நீங்கள் எழுதுவதும் ஒரே இண்டெக்ஸ் லூப் என்பதால் பேசுவதற்கே ஒன்றுமில்லை. அரேலிஸ்ட்டில் ஓர் இட்டரேட்டர் ஆப்ஜெக்ட் கூடுதலாக உருவாகும். பெரும்பாலான நிரல்களில் அதன் செலவை அளந்து காட்டுவதே கடினம். ஆனால் லிங்க்டுலிஸ்ட்டில் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அதில் கெட் மெத்தடுக்கு ஓர் இண்டெக்ஸைக் கொடுத்தால், எந்த முனை அருகில் இருக்கிறதோ அங்கிருந்து கண்ணி கண்ணியாக நடந்துதான் அந்த இடத்தை அடைய வேண்டும். ஒரு லட்சம் உறுப்புகள் இருந்தால் சராசரி நடை 25,000 கண்ணிகள். இண்டெக்ஸ் லூப் முழுவதற்கும் சுமார் 250 கோடி அடிகள். மேம்பட்ட ஃபார் லூப்பில் இட்டரேட்டர் தான் நிற்கும் கண்ணியை நினைவில் வைத்திருப்பதால் ஒரு லட்சம் அடிகளில் வேலை முடிந்துவிடும். லிஸ்ட் என்ற இன்டர்ஃபேஸை மட்டும் வாங்கிக்கொள்ளும் மெத்தடை எழுதும்போது, உள்ளே வரப்போவது எந்த வகை லிஸ்ட் என்று உங்களுக்குத் தெரியாது. எனவே இண்டெக்ஸ் உண்மையிலேயே தேவைப்படாத இடங்களில் எல்லாம் மேம்பட்ட ஃபார் லூப்பை எழுதுவதே பாதுகாப்பானது.

சாவியையும் அதற்குரிய மதிப்பையும் இணைத்து வைக்கும் மேப் என்பது இட்டரபிள் அல்ல; அதை நேராக முக்காற்புள்ளிக்கு வலப்பக்கம் எழுத முடியாது. கீசெட், வேல்யூஸ், என்ட்ரிசெட் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். சாவியும் மதிப்பும் இரண்டுமே தேவை என்றால் என்ட்ரிசெட்டையே எடுங்கள். கீசெட்டைச் சுற்றிவந்து ஒவ்வொரு சாவிக்கும் மறுபடி கெட் அழைப்பவர்கள், ஏற்கெனவே திறந்து கையில் வைத்திருந்த பெட்டியை மூடிவிட்டு மீண்டும் தேடுகிறார்கள். ஹாஷ்மேப்பில் அது ஒரு வீண் தேடல். ட்ரீமேப்பில் ஒவ்வொரு முறையும் மரத்தின் உச்சியிலிருந்து இறங்கிவர வேண்டும். எந்த வரிசையில் உறுப்புகள் வரும் என்பதை லூப் தீர்மானிப்பதில்லை, கலெக்‌ஷன்தான் தீர்மானிக்கிறது: லிங்க்டுஹாஷ்மேப் சேர்த்த வரிசையில் தரும், ட்ரீமேப் சாவிகளை ஒழுங்குபடுத்தித் தரும், ஹாஷ்மேப் எந்த வாக்குறுதியும் தருவதில்லை. ஜாவா 9-இல் வந்த மேப் டாட் ஆஃப், செட் டாட் ஆஃப் ஆகியவற்றால் உருவாக்கியவை நிரலை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வரிசையில் வரக்கூடும். வரிசையை நம்பி எழுதிய சோதனைகள் ஒரு நாள் வெற்றியும் மறுநாள் தோல்வியும் காட்டினால் முதலில் இதைப் பாருங்கள்.

நல் (null), அதாவது எந்த ஆப்ஜெக்ட்டையும் சுட்டாத மதிப்பு பற்றிச் சுருக்கமாக. வலப்பக்கத்தில் உள்ள கலெக்‌ஷனே நல் என்றால் லூப் சும்மா கடந்துபோகாது. இட்டரேட்டரைக் கேட்கும்போதே நல் பாயின்டர் எக்ஸப்ஷன் வரும். கலெக்‌ஷனைத் திருப்பித் தரும் மெத்தடுகளை எழுதும்போது, தர ஒன்றும் இல்லாத நிலையில் நல்லுக்குப் பதிலாக வெற்று லிஸ்ட்டைத் தருவது இதனாலேயே நல்ல வழக்கம். இன்டிஜர் லிஸ்ட்டில் ஒரே ஓர் உறுப்பு நல்லாக இருந்து, லூப் மாறி இன்ட் என்றால், அதை எண்ணாக மாற்றும் கணத்தில் அதே எக்ஸப்ஷன் வரும். இங்கும் பிழைச் செய்தி ஃபார் வரியையே சுட்டும்.

கன்கரன்ட் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, பல த்ரெட்கள் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி ஓட்டங்கள்) ஓடினால்தான் அந்த எக்ஸப்ஷன் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் நிரலில் ஒரே த்ரெட்தான் இருந்தது. உண்மையிலேயே பல த்ரெட்கள் ஒரு கலெக்‌ஷனைத் தொடும் நிலையில் சாதாரண அரேலிஸ்ட் போதாது. காப்பிஆன்ரைட்அரேலிஸ்ட்டின் இட்டரேட்டர், தான் பிறந்த நேரத்தில் இருந்த நிலையை மட்டுமே காட்டும்; பின்னர் நடந்த மாற்றங்கள் அதற்குத் தெரியாது, அதன் ரிமூவை அழைத்தால் மறுத்துவிடும். கன்கரன்ட்ஹாஷ்மேப் எக்ஸப்ஷன் வீசாமல் தொடரும். ஆனால் லூப் தொடங்கிய பிறகு சேர்ந்தவை கண்ணில் படலாம், படாமலும் போகலாம். கலெக்‌ஷன்ஸ் கிளாஸின் சிங்க்ரனைஸ்டுலிஸ்ட்டைப் பயன்படுத்துபவர்கள், லூப் முழுவதையும் அந்த லிஸ்ட்டின் மீதான சிங்க்ரனைஸ்டு தொகுதிக்குள் தாங்களே வைக்க வேண்டும். ஒவ்வொரு மெத்தட் அழைப்பும் பூட்டப்பட்டிருந்தாலும், இரண்டு அழைப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பூட்டப்படவில்லை.

உங்கள் மூன்றாவது கேள்வி, ஃபார்ஈச் மெத்தடும் லாம்டாவும். ஏற்கெனவே இருக்கும் ஒரு மெத்தடை ஒவ்வோர் உறுப்புக்கும் அழைப்பது மட்டும்தான் வேலை என்றால் அது அழகாக அமையும். மேப்பிலும் சாவி, மதிப்பு இரண்டையும் நேரடியாகத் தருவதால் வாசிக்க இனிமையாக இருக்கும். ஆனால் லூப்புகளை எல்லாம் மொத்தமாக அதற்கு மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லாம்டாவுக்குள் பிரேக் எழுத முடியாது. ரிட்டர்ன் எழுதினால் அது அந்த ஒரு சுற்றை மட்டும் முடிக்குமே தவிர உங்கள் மெத்தடிலிருந்து வெளியேறாது. வெளியே உள்ள கூட்டுத்தொகை மாறி ஒன்றை உள்ளிருந்து கூட்டிக்கொண்டே போக முடியாது, ஏனென்றால் லாம்டா பிடித்துக்கொள்ளும் உள்ளூர் மாறிகள் மாறாதவையாக இருக்க வேண்டும். கோப்புகளைப் படிக்கும்போது வரக்கூடிய ஐஓ எக்ஸப்ஷன் போன்றவற்றையும் வெளியே அனுப்ப வழியில்லாமல் உள்ளேயே பிடித்துக் கையாள வேண்டியிருக்கும். மேம்பட்ட ஃபார் லூப்பில் இந்தத் தடைகள் ஒன்றும் இல்லை. அதன் மாறி ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகப் பிறப்பதால், லூப்புக்குள் நீங்கள் எழுதும் வேறொரு லாம்டா அந்த மாறியைத் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம். பழைய லூப்பின் கூடிக்கொண்டே போகும் இண்டெக்ஸ் மாறிக்கு அந்த வசதி இல்லை.

சுவையான ஒரு வேறுபாட்டையும் நீங்களே சோதித்துப் பாருங்கள். அதே ஐந்து எழுத்து லிஸ்ட்டில் ஃபார்ஈச் மெத்தடைக் கொண்டு சுற்றி, ‘ஈ’ என்பதை நீக்குங்கள். இம்முறை எக்ஸப்ஷன் வரும். அரேலிஸ்ட்டின் ஃபார்ஈச் இட்டரேட்டரைப் பயன்படுத்துவதில்லை. தன் சொந்த லூப்பை ஓட்டி, அது முடிந்த பிறகு மாட்கவுண்டைத் தவறாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. நீக்குவது தவறு என்பதில் மாற்றமில்லை, ஆனால் கடைசிக்கு முந்தைய உறுப்பின் சத்தமில்லாத நழுவல் இங்கே பிடிபட்டுவிடுகிறது.

உங்கள் சொந்தக் கிளாஸையும் முக்காற்புள்ளியின் வலப்பக்கம் வைக்கலாம். இட்டரபிளை நிறைவேற்றி, இட்டரேட்டர் மெத்தட் ஒன்றை எழுதினால் போதும். அதில் கவனிக்க வேண்டியது, அழைக்கும் ஒவ்வொரு முறையும் புதிய இட்டரேட்டரைத் தர வேண்டும் என்பது. ஒன்றைப் புலத்தில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பத் தந்தால், முதல் லூப் சரியாக ஓடும். இரண்டாவது லூப் ஏற்கெனவே தீர்ந்துபோன இட்டரேட்டரைப் பெற்று ஒரு சுற்றுகூட ஓடாமல் முடிந்துவிடும். ஒன்றினுள் ஒன்றாக இரண்டு லூப்புகள் எழுதினால் உள் லூப் எல்லாவற்றையும் தீர்த்துவிட, வெளி லூப் முதல் சுற்றோடு நின்றுவிடும். ஒருமுறைக்கு மேல் சுற்ற முடியாத மூலம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது மேல்: ஜாவாவின் டைரக்டரிஸ்ட்ரீம் இட்டரபிள்தான், ஆனால் இரண்டாம் முறை இட்டரேட்டரைக் கேட்டால் வெற்றாகத் திருப்பித் தராமல் எக்ஸப்ஷன் வீசுகிறது.

இந்த லூப் பொருந்தாத இடங்களும் உண்டு. இரண்டு லிஸ்ட்டுகளை ஒரே நேரத்தில் இணையாக நடத்திச் செல்ல வேண்டும், உறுப்பின் இடத்தையும் சேர்த்து அச்சிட வேண்டும், இரண்டு இரண்டாகத் தாவ வேண்டும் என்றால் இண்டெக்ஸ் லூப்பையே எழுதுங்கள். மேம்பட்ட லூப்புக்கு வெளியே ஓர் எண் மாறியை வைத்துக் கூட்டிக்கொண்டே போவதைவிட அது நேர்மையாக வாசிக்கப்படும். கடைசியிலிருந்து முன்னோக்கி வருவதும் நீண்ட காலம் இந்தப் பட்டியலில் இருந்தது. 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21, லிஸ்ட், லிங்க்டுஹாஷ்செட் போன்ற வரிசையுள்ள கலெக்‌ஷன்களுக்கு ரிவர்ஸ்டு என்ற மெத்தடைத் தந்திருக்கிறது. அதை முக்காற்புள்ளிக்கு வலப்பக்கம் எழுதினால், உறுப்புகளை நகலெடுக்காமலேயே, உங்கள் ஐந்து எழுத்துகளும் உ, ஈ, இ, ஆ, அ என்று வரும்.